தார்ப்பாயின் கீழே மூன்று வண்டிகள்: பிரேக் ரீகாலை நாமே தேடிக் கண்டுபிடிப்பது எப்படி

எங்களிடம் எட்டு ஏ.டி.வி. வண்டிகள் இருக்கின்றன. பருத்த டயர், பைக்கைப் போன்ற கைப்பிடி, குதிரைமேல் உட்காருவதுபோல் காலைப் போட்டு உட்காரும் இருக்கை. கோவளம் பக்கம் வருகிறவர்கள் ‘நாலு சக்கர பைக்’ என்று கேட்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, குத்தகைக்கு எடுத்த சவுக்குத் தோப்பில் மணல் பாதை போட்டு, பத்து நிமிடத்துக்கு 300 ரூபாய் என்று ஓட்ட விடுகிறோம். வண்டிகளைப் பார்த்துக்கொள்வது என் தம்பி. கணக்கும் கோப்பும் என் பொறுப்பு. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் 22 வருடம் கோப்பு பார்த்தவள் நான். காகிதம் இல்லாத எதையும் எளிதில் நம்பமாட்டேன்.

அப்படிப்பட்ட நானே எட்டில் மூன்று வண்டிகளை உரிய காகிதம் பார்க்காமல் வாங்கினேன். மூடப்பட்ட ஒரு விடுதியில் ஏலம்போல் விற்றார்கள். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வண்டிகள், விலை குறைவு, தம்பிக்குக் கண் மின்னியது. ஒன்றரை வருடம் நன்றாக ஓடின. போன டிசம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், தோப்பின் சரிவில் இறங்கும்போது முன்பிரேக் லீவர் கைப்பிடியோடு ஒட்டிப் போய்விட்டது. ஓட்டியது தம்பியேதான், நல்லவேளை. கால் பிரேக்கை மிதித்து மணல் மேட்டில் ஏற்றி நிறுத்தினான். அடிபடவில்லை. முகம் மட்டும் கொஞ்ச நேரம் வெளுத்திருந்தது.

“பேட் தேய்ந்திருக்கும்” என்றான். எங்கள் மெக்கானிக் புதுப்பேட்டைக்காரர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மறுநாள் காலை வந்து சக்கரத்தைக் கழற்றினார். பேட் புதிதுபோல் இருந்தது. ஓஸ் பைப்பில் கசிவு இல்லை. பிறகு லீவர் போய்ச் சேரும் இடத்தில் இருக்கும் சிறிய ரப்பர் உறையை நகத்தால் நெம்பினார். உள்ளே ஈரம். விரலில் தொட்டு, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்து, “ஆயில், அக்கா. மாஸ்டர் சிலிண்டர் உள்ளேயே கசிகிறது” என்றார். லீவரைப் பிடிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் உருளை அது. அதற்கு நேர் கீழே, பெட்ரோல் டாங்க் மூடியின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் கொப்பளித்து உரிந்திருந்தது. அதை நான் பல நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயில் என்று நினைத்திருந்தேன். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயிண்ட் அப்படித்தான் உரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற அதே மாடல் வண்டியின் உறையையும் பாய் நெம்பினார். அதிலும் ஈரம்.

ஒரு வண்டியில் என்றால் பழுது. ஒரே மாடலில், ஒரே இடத்தில் இரண்டு வண்டிக்கு என்றால் அது தயாரிப்பிலேயே வந்த குறையாக இருக்கலாம். அன்று இரவு கணினி முன் உட்கார்ந்தேன். அந்த மாடலை, அந்தக் குறைக்காகவே, நாங்கள் வாங்குவதற்கு முன்பே தயாரிப்பாளர் அமெரிக்காவில் திரும்ப அழைத்திருந்தார். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். எந்த நிறுவனத்து வண்டியானாலும் தேடும் வழி ஒன்றுதான்; அதைத்தான் எழுதுகிறேன்.

ஏன் யாரும் நமக்குச் சொல்வதில்லை

ரீகால் என்றால் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. தயாரிப்பில் ஒரு குறை தெரிந்துவிட்டது. குறிப்பிட்ட காலத்தில் செய்த வண்டிகளைக் கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று நிறுவனம் அறிவிப்பது. இதில் நிறுவனத்துக்குக் கேவலம் ஒன்றும் இல்லை. 2019 மே மாதம் நம் சென்னை நிறுவனமான ராயல் என்ஃபீல்டு, அந்த வருடம் மார்ச் 20 முதல் ஏப்ரல் 30 வரை செய்த புல்லட் வண்டிகளில் சுமார் 7,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பிரேக் காலிப்பர், அதாவது பேடை அழுத்திப் பிடிக்கும் பாகம், அதன் போல்ட்டின் முறுக்கு சரியான அளவில் இல்லை என்பது காரணம். சொல்லிவிட்டுச் சரிசெய்யும் நிறுவனத்தை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டில் 2012 முதல் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் வகுத்த விதியின்படி நிறுவனங்கள் தாமாக முன்வந்து ரீகால் அறிவிக்கின்றன. சங்கத்தின் இணையதளத்தில் அந்தப் பட்டியல் உண்டு. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 110ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம் என்று ஆக்கினார்கள். 2021 ஏப்ரல் 1 முதல் அதற்கான விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும்; நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உங்களிடம் இருப்பது ஸ்கூட்டரோ காரோ என்றால் உங்களுக்குப் பாதை ஓரளவு போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. ஆர்.டி.ஓ. பதிவில் உங்கள் பெயர் இருக்கும், டீலரிடம் தொலைபேசி எண் இருக்கும்.

ஏ.டி.வி.க்கு இது எதுவும் இல்லை. டிராக்டர் வகையில் பதிவு பெற்ற ஓரிரு மாடல்களை விட்டால், இந்த வண்டிகள் சாலையில் ஓடத் தகுதி இல்லாதவை. ஆகவே நம்பர் பிளேட் இல்லை, ஆர்.சி. புத்தகம் இல்லை, எந்த அரசுப் பட்டியலிலும் உரிமையாளரின் பெயர் இல்லை. அமெரிக்க நிறுவனம் கடிதம் அனுப்ப நினைத்தாலும் யாருக்கு அனுப்பும்? அந்த வண்டியை முதலில் வாங்கிய விடுதியின் பெயருக்கு அனுப்பும், அதுவும் அந்தப் பெயராவது அவர்களிடம் இருந்தால். கைமாறி வந்த நம் பெயர் அங்கே இல்லவே இல்லை. ஆகவே கடிதம் வரும் என்று காத்திருப்பது வீண் வேலை.

முதலில் சேஸிஸ் எண்

மாடல் பெயரைக் கொண்டு தேடினால் பாதி வழிதான் போகமுடியும். ஒரே மாடலில் குறிப்பிட்ட சில மாதங்களில் செய்த வண்டிகளுக்கு மட்டும் ரீகால் இருக்கும். எந்த வண்டி உள்ளே, எந்த வண்டி வெளியே என்பதைச் சொல்வது சட்டகத்தில் பொறித்த 17 எழுத்து சேஸிஸ் எண்தான். ஸ்டிக்கரில் இருப்பதை நம்பவேண்டாம். பிளாஸ்டிக் பாகத்தை மாற்றினால் ஸ்டிக்கரும் மாறிவிடும்.

எங்கள் வண்டிகளில் அந்த எண் இடப்பக்க முன் சக்கரத்துக்குப் பின்னே, கீழ்ச் சட்டகத்தில் இருந்தது. பல மாடல்களில் அந்தப் பக்கம்தான் இருக்கும். இல்லையென்றால் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. விடுதிக்காரர்கள் விற்பதற்கு முன் கறுப்பு எனாமலை அப்பியிருந்தார்கள், அதன் மேல் உப்புக்காற்றின் துருப்பொடி, அதன் மேல் மணல். பாய் கம்பி பிரஷை எடுத்தார். வேண்டாம் என்று தடுத்தேன், பொறிப்பு தேய்ந்துவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்தோம். பிறகு சாக்பீஸை அந்த இடத்தில் படுக்கவைத்துத் தேய்த்து, மேலே இருந்த பொடியை விரலால் துடைத்தவுடன் பள்ளங்களில் மட்டும் வெள்ளை நின்றது. கோலம் போட்டதுபோல் 17 எழுத்தும் எழுந்து வந்தன. ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் செல்லோ டேப் ஒட்டிப் பென்சிலால் சேஸிஸ் பிரிண்ட் எடுப்பார்களே, அதையும் எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டிக் கோப்பில் வைத்தேன். கைபேசிப் படம் தனியாக.

எண்ணைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம். இந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வராது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பக்கூடாது என்பதற்காக விட்டிருக்கிறார்கள். ஆகவே வட்டமாகத் தெரிந்தால் அது சுழியம், கோடாகத் தெரிந்தால் அது ஒன்று. இந்த விவரம் தெரியாமல் முதல் நாள் இரவு முழுக்க ஓ என்று தட்டித் தட்டி ‘அப்படி வண்டி இல்லை’ என்ற பதிலையே வாங்கினேன். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த வண்டியில் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைக் குறிக்கும்: எல் என்றால் 2020, எம் 2021, என் 2022, பி 2023, ஆர் 2024. விற்றவர் சொன்ன ஆண்டும் இந்த எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று அப்போதே பாருங்கள். எங்களிடம் ஒத்துப்போகவில்லை. ஒரு வருடம் இளைய வண்டி என்று சொல்லி விற்றிருந்தார்கள். அது வேறு கதை.

இறக்குமதி வண்டி என்றால் விற்பவரிடம் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்கள். வண்டி எந்த நாட்டிலிருந்து, எப்போது, எந்தப் பெயரில் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த நாட்டு ரீகால் பட்டியலைத் தேடுவது என்று முடிவுசெய்ய அது உதவும்.

எங்கே தேடுவது, என்ன படிப்பது

அமெரிக்காவில் கார், பைக் ரீகாலைப் பார்ப்பது நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை. ஏ.டி.வி. அங்கே வராது. சாலை வாகனம் அல்லாததால் அது நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் வருகிறது. தொட்டில், ஹீட்டர், பொம்மை ஆகியவற்றோடு ஒரே பட்டியல். இது தெரியாமல் நான் கார் தளத்தில் சேஸிஸ் எண்ணைப் போட்டுப் பார்த்து, ‘ரீகால் எதுவும் இல்லை’ என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போக இருந்தேன். தவறான அலமாரியில் தேடினால் கோப்பு கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதற்காகக் கோப்பே இல்லை என்று ஆகிவிடாது. ஆணையத்தின் தளம் சிபிஎஸ்சி டாட் கவ் (cpsc.gov). அங்கே ரீகால் பகுதியில் தயாரிப்பாளர் பெயரோடு ஏ.டி.வி. என்று தட்டுங்கள். கனடாவில் இதைப் போக்குவரத்துத் துறையே பார்க்கிறது. ஆஸ்திரேலியா, பிரிட்டன் பக்கம் இந்த வண்டியை ‘குவாட் பைக்’ என்பார்கள். அந்தச் சொல்லைப் போட்டால்தான் அங்குள்ள அறிவிப்புகள் கிடைக்கும்.

ஆணையத்தின் அறிவிப்பு ஒரு பக்கம்தான். ஆனால் பலர் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் படிக்கும் வரிசை இது. முதலில் ஆபத்து என்ன என்ற பத்தி: ‘பிரேக் செயலிழக்கலாம்’ என்ற ஒரு வரிக்குள் காரணத்தையும் சொல்லியிருப்பார்கள். கசிவா, போல்ட் தளர்வா, ஓஸ் பைப் எங்கேயாவது உரசுகிறதா, நிறுத்து பிரேக் (பார்க்கிங் பிரேக்) பிடிக்கவில்லையா என்பதைப் பொறுத்து வண்டியில் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிடும். அடுத்து தீர்வு: பழுதுநீக்கமா, மாற்று வண்டியா, பணமா. அதற்கடுத்து ‘உடனே ஓட்டுவதை நிறுத்தவும்’ என்ற வாக்கியம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு மாடல், ஆண்டு, சேஸிஸ் எண் வரம்பு. கடைசியில் அடிபட்டவர்கள் பற்றிய வரி. அங்கே ‘காயம் எதுவும் இல்லை’ என்று இருந்தால் தம்பி போன்றவர்கள் ‘பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை’ என்பார்கள். அறிவிப்பு எழுதிய நாள்வரை தகவல் வரவில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

அறிவிப்புக்கு ஒரு எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் எழுதும் எல்லாக் கடிதத்திலும் அந்த எண் தலைப்பாக இருக்கவேண்டும். அதன்பின் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்துக்குப் போய் 17 எழுத்தையும் போட்டுப் பாருங்கள். எங்கள் மூன்று வண்டிகளில் இரண்டு வரம்புக்குள் இருந்தன. மூன்றாவது, வரம்பு முடிந்து நாற்பது எண் தள்ளி வெளியே நின்றது.

குழந்தைகளுக்கான குட்டி ஏ.டி.வி. இணையத்தில் வாங்கியிருப்பவர்கள் இந்த ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் 2008 சட்டத்துக்குப் பிறகு ஏ.டி.வி.க்கான பாதுகாப்புத் தரம் கட்டாயம். அதன்படி நிறுத்து பிரேக் இருக்கவேண்டும், சிறுவர் வண்டிக்கு வேக வரம்பு உண்டு. இவை இல்லாமல் இணையக் கடைகளில் விற்ற சிறுவர் வண்டிகளைப் பற்றி ஆணையம் அடிக்கடி எச்சரிக்கை வெளியிடுகிறது. சில பெயர்கள் ஊர் பேர் தெரியாதவை. பதில் சொல்லக்கூட ஆள் இருக்காது. அத்தகைய வண்டிக்கு ரீகால் பழுதுநீக்கம் கிடைக்கும் என்று நம்பிக் காத்திராதீர்கள். 16 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரியவர் வண்டியில் ஏற்றக்கூடாது என்பதும் அங்கே சொல்வதுதான். எங்கள் தோப்பில் அதை ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம், அதற்காக அப்பாக்களிடம் நான் வாங்கும் திட்டு கொஞ்சநஞ்சம் அல்ல.

நிறுத்துவது என்றால் நிறுத்துவது

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான படி. ஜனவரி நடுவில் காணும் பொங்கல். அன்றைக்குக் கடற்கரைச் சாலையில் வேனும் ஷேர் ஆட்டோவும் நகர இடம் இருக்காது. எட்டு வண்டியும் ஓடினால் வருடத்திலேயே அதிகம் கல்லா நிறையும் நாள் அதுதான். தம்பி, “ஆயில் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம், காலையிலும் மதியமும் பார்த்துக்கொள்கிறேன்” என்றான். “அக்கா, நான் ஒரு ரப்பர் வாஷர் போட்டுத் தருகிறேன், பொங்கல் தாண்டிவிடும்” என்றார் பாய். இருவருமே நல்லவர்கள்; இருவருக்கும் அன்று நான் எதிரி.

வாயால் ‘நிறுத்து’ என்றால் வண்டி நிற்காது. கூட்டம் வந்தவுடன் யாராவது சாவியை எடுத்துவிடுவார்கள். ஆகவே மூன்று சாவிகளையும் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றச் சொன்னேன். லீவரில் சிவப்புத் துணி கட்டி, ‘பிரேக் ரீகால், ஓட்டக்கூடாது’ என்று அட்டையில் எழுதித் தேதி போட்டுத் தொங்கவிட்டு, மூன்றையும் தார்ப்பாய் போட்டு மூடினோம். மற்ற ஐந்தோடு பொங்கலைத் தள்ளினோம். தம்பி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கல் மீதிச் சர்க்கரைப் பொங்கலைச் சூடாக்கிக் கொடுத்தேன்; சாப்பிட்டான்.

பக்கத்துத் தோப்புக்காரர் வேறு ஒரு வழி சொன்னார்: “மகாபலிபுரத்தில் ஒருத்தர் கேட்கிறார், தள்ளிவிட்டுவிடுங்கள்.” ரீகால் ஆன பொருளைச் சரிசெய்யாமல் விற்பது அமெரிக்காவில் சட்டப்படி குற்றம். இங்கே கேட்க ஆள் இல்லை. அதனாலேயே அது இங்கே மூன்று கை மாறி எங்களிடம் வந்திருக்கிறது. நான்காவது கைக்கு என் கையெழுத்தோடு போகவேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடிதம்

உங்கள் ஊரில் டீலர் இருந்தால் நேரே போங்கள், வண்டியைக் கொடுங்கள், செய்ததற்கு ரசீது வாங்குங்கள். இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். எங்களுக்கு டீலர் இல்லை. என் மகள் ஆங்கிலத்தில் எழுதித் தந்தாள். தயாரிப்பாளரின் தலைமையகத்துக்கும் ஆசியப் பகுதி விநியோகஸ்தருக்கும் ஒரே மின்னஞ்சல். ரீகால் எண், சேஸிஸ் எண்கள், பொறிப்பின் படம், வாங்கிய ரசீது, கசிந்த உறையின் படம் ஆகியவற்றை இணைத்தோம். மூன்று கேள்விகள் மட்டும் கேட்டோம்: இந்த எண்கள் ரீகாலுக்குள் வருகின்றனவா? இந்த எண்களுக்கு ஏற்கெனவே பழுதுநீக்கம் நடந்ததாக உங்கள் பதிவில் இருக்கிறதா? இந்தியாவில் யார் செய்து தருவார்கள், இல்லையென்றால் பாகத்தை அனுப்புவீர்களா?

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். எந்தச் சேஸிஸ் எண்ணுக்கு வேலை முடிந்தது என்று நிறுவனங்கள் கணக்கு வைத்திருக்கும். பழைய உரிமையாளர் சரிசெய்திருந்தும் மறுபடி கசிந்தால் அது வேறு பிரச்சினை. அதை அவர்களும் அறியவேண்டும்.

11 நாள் கழித்து வந்த முதல் பதில்: ‘அருகிலுள்ள டீலரை அணுகவும்.’ அவர்கள் கொடுத்த இணைப்பில் அருகிலுள்ள டீலர் வேறு நாட்டில் இருந்தார். கோபம் வந்தது. கோபத்தைக் கடிதத்தில் வைக்கவில்லை. அலுவலகத்தில் கற்ற ஒரே வித்தை அது. அதே கடிதத்தை, ‘முதல் கடிதம் இந்தத் தேதியில், பதில் இந்தத் தேதியில்’ என்று மேலே இரண்டு வரி சேர்த்து மறுபடி அனுப்பினேன். மூன்றாவது முறை வேறு ஒருவர் பதில் எழுதினார். படம் கேட்டார், முகவரி கேட்டார். மார்ச் மாதம் இரண்டு வண்டிகளுக்கான பாகங்கள் வந்தன. சுங்கத்தில் கட்டிய பணம் என் கையிலிருந்துதான். இலவசம் என்ற சொல்லுக்கு மீனம்பாக்கத்தில் வேறு பொருள் இருக்கிறது.

இதற்கிடையே பாய் தம் பங்குக்கு, “புதுப்பேட்டையில் இதே மாதிரி மாஸ்டர் சிலிண்டர் கிடைக்கும், அக்கா” என்று ஒன்றை வாங்கியே வந்துவிட்டார். பார்க்க அச்சு அசல் ஒன்றுதான். அவரே அதைத் திருப்பி, உடலில் வார்த்திருந்த எண்ணைப் படித்தார். பிஸ்டன் ஓடும் துளையின் விட்டம் அது. எங்கள் வண்டியினுடையதில் ஒரு எண், இதில் வேறு எண். அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் லீவர் கைக்கு வேறு மாதிரி வரும்; ஒன்று கல்லாக இறுகும், அல்லது தளர்ந்து கைப்பிடியைத் தொடும். பாய் ஒன்றும் சொல்லாமல் அதைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பக் கொடுத்துப் பணம் வாங்க அவருக்கு அரை நாள் ஆனது.

மாட்டும் நாள்

வேலையை மெக்கானிக் செய்யட்டும். ஆனால் அருகில் நின்று சிலவற்றைப் பாருங்கள். பெட்டியோடு வந்த செய்முறைத் தாளில் போல்ட்டுகளுக்கு முறுக்கு அளவு போட்டிருக்கும். கை அளவுக்கு இறுக்குவது பாயின் பெருமை. அன்றைக்கு முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சை வாடகைக்கு எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஓஸ் பைப் சேரும் இடத்தில் போடும் செப்பு வாஷர்கள் புதிதாக இருக்கவேண்டும். பழையதைப் போட்டால் அங்கே கசியும்.

பிரேக் ஆயிலில் மூடியில் எழுதிய வகையை மட்டும் ஊற்றுங்கள். பெரும்பாலும் டாட் 4 என்றிருக்கும். டாட் 5 என்பது சிலிகான், இதோடு சேராது. எண் பெரிது, ஆகவே நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், ஈரம் கலந்தால் சூட்டில் கொதித்துப் பிரேக் மெத்தென்று ஆகும். நம் ஊர்க் காற்றில் திறந்து வைத்த டின் ஒரு மாதத்தில் வீணாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன டின் வாங்குங்கள், மீந்ததைப் பிரேக்குக்கு ஊற்றாதீர்கள்.

பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்து முடித்தபின், வண்டியை நகர்த்தும் முன், லீவரைப் பலமாகப் பிடித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். முதலில் வந்து நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும்; மெல்ல மெல்ல உள்ளே அமிழ்ந்தால் எங்கேயோ விடுகிறது. பிறகு ரப்பர் உறையை நெம்பி, டிஷ்யூ தாளை உள்ளே ஒற்றி எடுங்கள். காய்ந்து வரவேண்டும். முதல் ஓட்டம் நடக்கும் வேகத்தில், சமதரையில், ஆள் இல்லாத இடத்தில். அடுத்து சரிவில் நிறுத்து பிரேக் போட்டு இறங்கி நின்று பாருங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை உறையை நெம்புங்கள். எங்கள் இரண்டு வண்டிகளுக்கும் ஒரு வாரம் தினமும் தாள் ஒற்றினேன். தாளைத் தேதியோடு கோப்பில் ஒட்டியதைப் பார்த்துத் தம்பி சிரித்தான். சிரிக்கட்டும்.

கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒரு பேச்சு. 2020-ல் ராயல் என்ஃபீல்டு பிரிட்டன், ஐரோப்பா, தென் கொரியாவில் சுமார் 15,200 வண்டிகளைத் திரும்ப அழைத்தது; பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் உப்பு, பிரேக் காலிப்பருக்குள் அரிப்பை உண்டாக்கியது. அங்கே குளிர்காலத்தில் வரும் உப்பு கோவளத்தில் வருடம் முழுவதும் காற்றிலேயே வருகிறது. அந்தச் செய்தியைப் படித்த பின் எட்டு வண்டிகளின் காலிப்பரையும் திறக்கச் சொன்னேன். இரண்டில் காலிப்பர் நகர்வதற்கான ஊசி துருவேறி நகராமல் இருந்தது. பேட் ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது. இது ரீகால் அல்ல, எங்கள் பராமரிப்புக் குறை. இப்போது சாயங்காலம் வண்டி நின்றதும் நல்ல தண்ணீரில் கழுவுகிறோம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசியைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவுகிறோம்.

நிறுவனம் பதிலே சொல்லவில்லை என்றால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்தால் புகார் எண் தருவார்கள். அது கைக்கு வந்துவிட்டால் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்துக்குக் கனம் கூடும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளால் காயம்பட்டால் தயாரிப்பாளரும் விற்றவரும் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அந்தச் சட்டப்படி அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடலாம். நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குப் போடக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு முள் உண்டு: வணிகத்துக்காக வாங்கியவர் ‘நுகர்வோர்’ ஆகமாட்டார். சொந்தப் பிழைப்புக்காகத் தாமே தொழில் நடத்தினால் விலக்கு உண்டு. எட்டு வண்டி வைத்திருப்பது பிழைப்பா வணிகமா என்று வக்கீல்கள் வாதாடுவார்கள். ஆகவே வாங்கும்போதே ரசீதும் பில் ஆஃப் என்ட்ரியும் கையில் இருக்கட்டும்.

ஓட்ட வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைக்கவசம் கேட்பதுபோல் இதையும் கேளுங்கள்: “இந்த வண்டிக்குப் பிரேக் ரீகால் இருக்கிறதா, பார்த்தீர்களா?” விழிப்பார்கள், பரவாயில்லை. ஏறி உட்கார்ந்து, கிளம்பும் முன் லீவரைப் பத்து நொடி பிடித்துப் பாருங்கள். கைப்பிடியைத் தொட்டால் இறங்கிவிடுங்கள். எங்கள் தோப்பாக இருந்தாலும் சரி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

சரிசெய்த இரண்டு வண்டிகளும் மார்ச் கடைசியிலிருந்து ஓடுகின்றன. மூன்றாவதன் எண் வரம்புக்கு வெளியே இருப்பதால் அது ரீகாலில் வராது என்று விநியோகஸ்தர் எழுதிவிட்டார். அதன் உறையும் இதுவரை காய்ந்துதான் இருக்கிறது. ஆனால் அதே மாஸ்டர் சிலிண்டர், உடலில் அதே எண், அதே வார்ப்பு. படங்களோடு தலைமையகத்துக்கு மறுபடி எழுதியிருக்கிறேன்: நாற்பது எண் தள்ளி இருக்கும் இந்த வண்டியில் பாகம் மாறியதா, இல்லையா? பதில் வரவில்லை. தார்ப்பாய் இன்னும் அதன்மேல்தான் இருக்கிறது. சாவி என் சமையலறையில், மிளகுப் பொடி டப்பாவுக்குப் பின்னால்.